மேளக்காரர் பெயர் எங்கே?

கேள்வி: ராக் கிதார்காரர் இறந்து பல வருடம் கழித்து, அவர் குழுவின் 'புதிய' லைவ் ஆல்பம் என்று ஒன்று வருகிறதே, இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது யார்?
– ஒரு வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் ராக்குக்கு வேண்டுமானால் பிள்ளையார் சுழி. பழக்கம் அதற்கு முந்தியது. மின்சார கிதாரைப் பின்வரிசையிலிருந்து தனி வாசிப்புக்கு இழுத்து வந்த சார்லி கிறிஸ்டியன், 25 வயதில், 1942 மார்ச்சில் காசநோயில் போய்விட்டார். பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் அவருக்கு வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்தவர்கள் டீக்கடையில் கூடுகிற மாதிரி, நியூயார்க் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற கிளப்பில் வாத்தியக்காரர்கள் வேலை முடிந்து கூடுவார்கள். 1941 மே மாதத்தில் ஜெரி நியூமன் என்ற கல்லூரி மாணவர், தட்டில் ஒலியைக் கீறிப் பதியும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். அவர் பதிந்தவை கிறிஸ்டியன் இறந்த பிறகுதான் கடைக்கு வந்தன. ஆக, தொடக்கம் கம்பெனி இல்லை, கலைஞர் இல்லை. பெட்டி தூக்கிய மாணவர்.

அந்தப் பதிவுகளிலேயே புகழ்பெற்றது 'ஸ்விங் டு பாப்'. 'பாப்' (bop) என்ற ஜாஸ் வகைக்கு அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவியது கிறிஸ்டியன் இறந்த பிறகு. பிறகு எப்படி அவர் அந்தத் தலைப்பில் வாசித்தார்? வாசிக்கவில்லை. வாசித்தது 'டாப்சி' என்ற பழைய மெட்டு. வெளியிட்டவர்கள் வைத்த பெயர்தான் அது, செத்தவர் எழுந்து வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில். இங்கிருந்துதான் என் கட்சி. மறைவுக்குப் பிந்தைய லைவ் ஆல்பம் என்பது வாசித்தவரின் படைப்பு பாதி, அட்டை எழுதியவரின் படைப்பு மீதி. அந்த மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்கு வந்த லைவ் ஆல்பம் ஒன்றரைதான்: 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்' முழுசு, ஓடிஸ் ரெடிங்கோடு ஆளுக்கொரு பக்கமாகப் பங்கு போட்ட மான்டரே தட்டு அரை. இறந்த பிறகு வந்தவற்றை எண்ண ஆரம்பித்தால் இந்தப் பகுதியில் வேறு கேள்விக்கு இடம் இருக்காது. அவற்றில் 1972இல் வந்த 'ஹென்ட்ரிக்ஸ் இன் தி வெஸ்ட்' என் செல்லம். அதில் 'வூடூ சைல்ட்', 'லிட்டில் விங்' இரண்டும் அமெரிக்காவின் சான் டியேகோவில் வாசித்தவை என்று அட்டை சத்தியம் செய்தது. உண்மையில் இரண்டும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், 1969 பிப்ரவரியில் வாசித்தவை. அந்தக் கச்சேரியின் உரிமை தகராறில் இருந்ததால், பாட்டுக்குப் புது ஊர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' இன்னும் அழகு: பெர்க்லியில் கச்சேரிக்கு முன் மதியம் நடந்த ஒத்திகை, லைவ் ஆல்பத்தில் லைவாக உட்கார்ந்திருக்கிறது. 2011இல் மறுவெளியீடு வந்தபோது லண்டன் பதிவுகளை எடுத்துவிட்டு, 'வூடூ சைல்ட்' இருந்த இடத்தில் நிஜமான சான் டியேகோ வாசிப்பையே வைத்தார்கள். 39 வருடம் பொய் சொன்ன அட்டை, ஒருநாள் உண்மை பேசிவிட்டது!

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று, வாசிப்பு நன்றாக இருந்தால் போதாதா என்பார்கள். ஸ்டுடியோ ஆல்பத்துக்குப் போதும். அங்கே ஒரே பாட்டைப் பத்துத் தடவை வாசித்து, ஒட்டி, வெட்டித்தான் தருகிறார்கள். நாமும் தெரிந்தே வாங்குகிறோம். லைவ் ஆல்பம் விற்பது வேறு சரக்கு. இந்த நாளில், இந்த ஊரில், இத்தனை பேர் முன்னால் இது நடந்தது என்ற சாட்சியம். ஊரையும் தேதியையும் மாற்றினால் மிச்சம் கைதட்டல் மட்டும்தான். வழக்கு இருந்ததே, கம்பெனி என்ன செய்யும் என்றும் கேட்கலாம். வழக்கு வெளியிடாமல் இருப்பதற்குக் காரணமாகலாம், ஊரை மாற்றி எழுதுவதற்கு எப்படி ஆகும்?

இதைவிட எனக்கு எரிச்சல் பக்கவாத்தியம். (இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்கள் இப்போது பக்கத்தைப் புரட்டலாம்.) 1975இல் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர், ஹென்ட்ரிக்ஸ் விட்டுப்போன ஸ்டுடியோ நாடாக்களில் கூட வாசித்தவர்களைப் பெருமளவு அழித்துவிட்டு, வாடகை வாத்தியக்காரர்களை அமர்த்தி 'க்ராஷ் லேண்டிங்' வெளியிட்டார். போதாததற்குச் சில பாட்டுகளுக்குத் தன்னையும் கூட்டு ஆசிரியராகப் போட்டுக்கொண்டார். ஜனங்கள் வாங்குவது ஹென்ட்ரிக்ஸுக்காகத்தானே, டிரம்ஸ் யாராக இருந்தால் என்ன? நியாயமான கேள்விதான், ஆனால் மேடையில் அது எடுபடாது. அங்கே கிதார் எப்போது தாவும் என்பதை அவருடைய மேளக்காரர் மிட்ச் மிட்செலின் அடியும் சேர்ந்துதான் தீர்மானித்தது. பாலக்காடு மணி ஐயர் உட்கார்ந்த கச்சேரியில் மிருதங்கத்தை அழித்துவிட்டு வேறொருவரை வாசிக்க வைத்தால் நம் சபாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பேஸ் கிதார் வாசித்த நோயல் ரெடிங் 2003லும் மிட்செல் 2008லும் போய்விட்டார்கள். பதிவுகளில் அவர்கள் பங்குக்காக வாரிசுத் தரப்பு, சோனி கம்பெனியோடு லண்டன் நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டு ஹாலிவுட் பவுல் கச்சேரி 2023இல் ஆல்பமாக வந்தது. அதில் வாசித்த மூவரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

வாசித்தவர் சம்மதம் இல்லாமல் வெளியிடலாமா என்று தர்மம் பேசுகிறவர்களுக்கு மதுரை மணி ஐயரைக் காட்டுவேன். 1968இல் மறைந்தவர். இன்று அவரைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது கச்சேரிப் பதிவுகளைத்தான். எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் நமக்கு மணி ஐயர் ஒரு புகைப்படம். வெளியிடட்டும், தாராளமாக. தேதி, ஊர், வயலின், மிருதங்கம் நாலையும் ஒழுங்காகப் போட்டு வெளியிடட்டும்.

கேள்வி: ஹென்ட்ரிக்ஸ் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தாராமே?
– அதே வாசகர்

பதில்: கிதார் தலைகீழ், கம்பி இல்லை. இடது கைக்காரரான அவர் வலது கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளைத் தன் கைக்கு ஏற்ற வரிசையில் மாற்றிக் கட்டிக்கொண்டார். கம்பியையும் மாற்றாமல் அப்படியே கவிழ்த்து வாசித்தவர் ஆல்பர்ட் கிங். இருவரையும் குழப்பிக்கொள்வதில் ஒரு தலைமுறையே தேறியிருக்கிறது.

கேள்வி: மாண்டலின் சீனிவாஸை நம்ம ஊர் ஹென்ட்ரிக்ஸ் எனலாமா?
– விடாமல், அதே வாசகர்

பதில்: வேண்டாம், அவர் சீனிவாஸாகவே இருக்கட்டும். உங்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்தவர். இரட்டைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பியோடு மின்சார மாண்டலினைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தவர். ஜான் மெக்லாக்லினோடு உலகம் சுற்றியவர். மறைந்தது 2014 செப்டம்பர் 19. ஹென்ட்ரிக்ஸுக்கு 44 வருடமும் ஒரு நாளும் தள்ளி. தம்பி ராஜேஷும் மாண்டலின்தான், அண்ணனோடு மேடையில் வாசித்தவர். அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு ஏதாவது கிடைத்தால், எந்த இடத்தில் யார் என்று அட்டையில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் கேளுங்கள். கேட்டுத் தொல்லை கொடுப்பதில் உங்களுக்கு நல்ல கைராசி இருக்கிறது.