எழுத்திலும் நேரிலும் ஒரே மனிதர்

வேதப்பகுதி: 2 கொரிந்தியர் 10:9-11, யாக்கோபு 3:1-12

பீன்யாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுத் தொழிலுக்காக வந்தவர்கள். முன்பெல்லாம் ஊருக்கு ஓர் இன்லண்டு கடிதம் எழுதினால் பதில் வரப் பத்து நாள் ஆகும். கோபத்தில் எழுதிய கடிதமும் மறுநாள் காலை தபால் பெட்டிக்குப் போகும்வரை நம் சட்டைப் பையில்தான் இருக்கும். ஆறிய மனதோடு அதைக் கிழித்துப் போடவும் வழி இருந்தது. இன்று நம் பேச்சில் பாதி செல்பேசி வழியாகவே நடக்கிறது. சொந்த ஊர்க் குழு, சபைக் குழு, குடியிருப்போர் குழு, பிள்ளைகளின் பள்ளிக் குழு என்று ஒவ்வொருவரும் ஏழெட்டுக் குழுக்களில் இருக்கிறோம். கோபம் தணியும் முன்பே சொல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நாவடக்கத்தைக் குறித்துக் கேட்கிறோம். அந்தப் போதனை விரல் நுனிக்கும் உரியதுதானா? இதுவே இந்தப் பாடத்தின் கேள்வி. பிற சமயத்தைச் சேர்ந்த வாசகர்களுக்கும் இது அந்நியமானதல்ல. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று பேச்சுக்கே பல அதிகாரங்களை ஒதுக்கியவர் நம் வள்ளுவர்.

1. நம் தெருவில் நடந்தது

2016 செப்டம்பரை இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 15,000 கன அடி காவிரி நீரைப் பத்து நாட்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்தில் கொந்தளிப்பு எழுந்தது. கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டதாகக் கூறி, பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரை ஒரு கும்பல் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்க வைத்தது. அதைப் படமெடுத்துப் பரப்பவும் செய்தது. அடுத்து, கர்நாடகத்தைச் சேர்ந்தவர் நடத்திய ஓர் ஓட்டல் சென்னையில் தாக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் கர்நாடகத்து வாகன ஓட்டுநர் ஒருவர் அடிக்கப்பட்டார். அந்தப் படங்களும் கைக்குக் கை பறந்தன.

செப்டம்பர் 12 அன்று பெங்களூர் எரிந்தது. ஒரே பணிமனையில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. பீன்யாவும் அவற்றுள் ஒன்று.

நீர்த் தகராறு நூறாண்டுப் பழமையானது. அதை உண்டாக்கியது செல்பேசி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஊரில் விழுந்த அடியை ஒரு மணி நேரத்தில் இன்னோர் ஊருக்குக் கொண்டுசென்று அங்கேயும் கை ஓங்க வைத்தவை நாம் அனுப்பிய படங்களே. சிறு நெருப்பு பெருங்காட்டைக் கொளுத்திவிடும் என்று யாக்கோபு எச்சரிப்பதன் பொருள் அன்று நமக்கு வீட்டு வாசலில் விளங்கியது. அதே அதிகாரத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். தேவனைத் துதிக்கிற அதே நாவால், தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது தகாது என்கிறார். கன்னடரும் அந்தச் சாயலில் படைக்கப்பட்டவர்தாம், தமிழரும் அப்படியே.

2. தூரத்திலிருந்து எழுதிய பவுல்

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடிதங்கள். ஆகவே முகம் பாராமல் பேசுவது திருச்சபைக்குப் புதிதல்ல. அதன் ஆபத்தும் புதிதல்ல. கொரிந்து சபையில் சிலர் பவுலைக் குறித்து ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். கடிதத்தில் கடுமையாக எழுதுகிறார், நேரில் வந்தால் பலவீனமாக இருக்கிறார் என்பது அது. பவுல் கொடுத்த பதில் சுருக்கமானது. தூரத்திலிருந்து எழுத்தில் எப்படிப்பட்டவர்களாக இருக்கிறோமோ, நேரில் வரும்போது செயலிலும் அப்படியே இருப்போம் என்பதே அதன் கருத்து.

நேர்மைக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா? லேத்துப் பட்டறையில் பக்கத்து எந்திரத்தில் நிற்கும் மஞ்சுநாத்தையோ இம்ரானையோ பார்த்து நாம் சொல்லத் துணியாத ஒரு வார்த்தையைத் தமிழ்க் குழுவில் எழுதுகிறோம் என்றால், நாம் இரண்டு மனிதராகிவிட்டோம். அவர் அந்தக் குழுவில் இல்லை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது சமாதானம் ஆகாது. புறங்கூறுதல் என்பதற்கே அதுதானே பொருள்!

யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத வேண்டியவை அநேகம் இருந்தாலும் காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை, நேரில் வந்து பேசவே விரும்புகிறேன் என்ற கருத்தில் எழுதுகிறார். எழுத்து எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அறிந்தவர் அவர். மனத்தாங்கலுக்கு மருந்து எழுத்தில் கிடைப்பது அரிது.

3. சொன்னவர் யார்?

தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தம் பெயரால் வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்க வேண்டாம் என்கிறார் பவுல். கடிதத்தின் இறுதியில் தம் கைப்படவே வாழ்த்து எழுதி, இதுவே தம் எல்லாக் கடிதங்களுக்கும் அடையாளம் என்கிறார். பொய்ச் செய்தி முதல் நூற்றாண்டிலேயே இருந்தது. அதற்கு அடையாளச் சோதனையும் இருந்தது.

ரயில்வேயில் பணிபுரிந்தவன் என்ற முறையில் எனக்கு இது எளிதாகப் புரியும். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்கு லைன் கிளியர் கொடுக்கும்போது வெறும் வாய்ச்சொல் போதாது. தம்மிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து 'பிரைவேட் நம்பர்' என்ற இரண்டிலக்க எண் ஒன்றைச் சொல்லி, அந்த எண்ணைத் தாளில் அடித்துவிடுவார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 'யாரோ சொன்னார்கள், பாதை காலியாம்' என்று எந்த வண்டியையும் அனுப்புவதில்லை. அப்படி அனுப்பினால் சாவது அனுப்பியவர் அல்லர், வண்டியில் இருப்பவர்கள்.

வதந்தி அனுப்பிய வண்டிகளையும் பெங்களூர் கண்டிருக்கிறது. 2012 ஆகஸ்டில், அஸ்ஸாம் கலவரத்தை அடுத்து, இங்குள்ள வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்ற பேச்சு குறுஞ்செய்திகளாலும் வாய்மொழியாலும் பரவியது. ஆகஸ்ட் 15 இரவு முதல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் நகர ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். கவுகாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் பயணம்! சொல்லப்பட்டபடியான பெருந்தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் வேலையை விட்டு ஓடிய செக்யூரிட்டிக்கும் ஓட்டல் பணியாளருக்கும் ஏற்பட்ட நட்டம் உண்மையானது. ஐந்து பேருக்கு மேல் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது. 2018 மே மாதம் இதைவிடக் கொடியது நடந்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் சாமராஜ்பேட்டை வட்டாரத்தில் அடித்தே கொல்லப்பட்டார். அவரும் நம்மைப் போல் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர்தாம்.

பலமுறை கைமாறிய செய்தியை வாட்ஸ்அப் இப்போது இரட்டை அம்புக்குறியால் காட்டுகிறது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்ற வாதம் யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தின் முன் நிற்காது. பொய்யான செய்தியை ஏற்று அதற்குத் துணைபோவதையே அங்கே கட்டளை தடுக்கிறது. அனுப்புகிறவரும் சொல்லுகிறவரே.

4. தவறைக் கண்டால்

அன்பு என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். எபேசியர் நிருபம் அப்படிச் சொல்லவில்லை. உண்மையும் அன்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்கிறது. ஒருவர் குழுவில் பொய்ச் செய்தி போட்டால், அல்லது ஒரு சமூகத்தைப் பழித்து எழுதினால், மௌனமாக இருப்பதும் ஒருவகைச் சம்மதம்தான்.

ஆனால் அதைச் சொல்லும் முறை உண்டு. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கும் வரிசை இது: முதலில் தனியே போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ. அதற்குப் பிறகே சபை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் முதலில் அவமானப்படுத்துகிறோம், பிறகு இருவர் வந்து சமாதானம் பேசுகிறார்கள், கடைசிவரை நேரில் பேசுவதே இல்லை. 'அண்ணே, நீங்கள் அனுப்பியது பழைய படம் போலிருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று தனியே சொன்னால் அவரே நீக்கிவிடுவார். மானமும் காக்கப்படும், உண்மையும் காக்கப்படும். ஆட்கள் மேல் கை விழும் ஆபத்துள்ள செய்தியானால் மட்டும் காத்திருக்க நேரமில்லை. அது சரியென்று தெரியவில்லை, யாரும் பரப்ப வேண்டாம் என்று குழுவிலேயே பணிவாக எழுதிவிட வேண்டும்.

5. வீட்டில் கைக்கொள்ள

அ. கோபத்தில் எழுதியதை அன்றிரவு அனுப்பாதிருப்போம். பழைய தபால் பெட்டி தந்த அவகாசத்தை நாமே நமக்குத் தருவோம்.

ஆ. எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற மூன்றுக்கும் விடை தெரியாத செய்தி நம் கையோடு நிற்கட்டும்.

இ. அடிபட்டவர், அவமானப்பட்டவர் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்ப வேண்டாம்.

ஈ. தவறான ஒன்றை அனுப்பியது தெரிந்தால், அனுப்பிய அதே இடத்தில் திருத்தத்தையும் போட வேண்டும். நீக்கிவிட்டு மௌனமாவது அரை நேர்மை.

உ. பிள்ளைகளுக்குக் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்போம். அண்டை வீட்டாரின் மொழி தெரிந்தவரிடம் அவரைப் பற்றிய பொய் எளிதில் செல்லாது.

அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் துணி போர்த்தி மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மரியாதையான பேச்சு இரு மாநிலங்களுக்கு நடுவிலும் பலன் தரும் என்பதற்கு அது சாட்சி. நம் வீதியில் அதைத் தொடர்வது நம் விரல்களிடம் இருக்கிறது.

குடும்ப ஜெபவேளையில் கலந்துபேச

1. இந்த வாரம் நாம் அனுப்பியவற்றுள், சம்பந்தப்பட்டவர் எதிரே நின்றால் வாசித்துக் காட்டக் கூடாதது எது?

2. குழுவில் மனத்தாங்கலான யாரை நேரில் சென்று பார்க்கலாம்? எந்த நாளில்?

3. 2016-இல் நம் குடும்பத்துக்கு உதவிய கன்னட அண்டைவீட்டார் உண்டா? அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?