அவர் வாயாலேயே கேட்போம்

2023 மார்ச் முதல் வாரத்தில் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்றது அது. கூடவே காணொளிகளும் வந்தன. அவை பொய்யாகப் பரப்பப்பட்டவை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அதற்குள் ரயில் நிலையங்களில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹோலிக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தொழிலாளியைப் பற்றிய கதை நாடெல்லாம் சுற்றியது. அதைச் சொல்லிப் பரப்பியவர் யாரோ. தொழிலாளியிடம் யாரும் கேட்கவில்லை. இந்த மாதப் பாடத்துக்கு அதுவே காரணம்.

வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் போகும் வழியில் மாலை நேரத்தில் நின்றால் ஒடியா, வங்காளம், அஸ்ஸாமி, போஜ்புரி எல்லாம் காதில் விழும். நம் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதி மட்டும் 18,720 பேர் தங்கக்கூடியது. தென்மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் இது அந்நிய ஊர்தான். வெளியூர்க்காரர்களுக்கு நாம் அறை வாடகைக்கு விடுகிறோம், அரிசி விற்கிறோம், ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கிறோம். பெயர் கேட்டால் தெரியாது. 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒடிசாவும் அஸ்ஸாமும் கிழக்கில் இருக்கின்றன என்பதுகூட நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே பல ஊர், பல மொழி, பல மார்க்கத்தவர் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் வாழ்க்கையை அவரவரே சொல்லும் மஜ்லிஸ் ஒன்றை நம் பகுதியில் தொடங்க விரும்புகிறோம். எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது என்பதற்கு நம்மிடம் பழைய பாடம் ஒன்று இருக்கிறது.

ஸல்மான் ஃபார்ஸீ (ரழி) அவர்களின் வரலாற்றை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அது நம் கைக்கு எப்படி வந்தது என்பதைக் கவனித்தோமா? இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அதை ஸல்மானின் வாயிலிருந்தே கேட்டதாக அறிவிக்கிறார்கள். முஸ்னத் அஹ்மதிலும் இப்னு ஹிஷாமின் சீறா நூலிலும் அது 'நான்', 'என்' என்றே ஓடுகிறது. இஸ்பஹான் பக்கத்துக் கிராமத்தில் வசதியான வீட்டுப் பிள்ளை. வீட்டை விட்டு ஓடி, ஷாம், மோஸுல், நஸீபீன், அம்மூரிய்யா என்று ஊர் ஊராக ஆசிரியர்களைத் தேடி அலைகிறார். தம்மிடம் இருந்த மாடுகளையும் ஆடுகளையும் கொடுத்து, அரபு நாட்டுக்கு அழைத்துப் போகும்படி வணிகர் கூட்டத்திடம் கேட்கிறார். அவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு, வழியில் வாதில் குராவில் அவரை அடிமையாக விற்றுவிட்டார்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நம் மஹல்லாவிலும் உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது.

அந்தத் துரோகத்தை ஸல்மான் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். விரிவாகச் சொல்வது விடுதலையை. 300 பேரீச்சங் கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் விலையாகப் பேசப்பட்டது. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று தங்களால் முடிந்த கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். குழி தோண்ட உதவினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் கையால் நட்டார்கள். எந்த எண்ணிக்கையையும் அவர் மறக்கவில்லை. அடிபட்டதை எவ்வளவு சொல்வது, எழுந்ததை எவ்வளவு சொல்வது என்ற அளவு, பட்டவர் கையில்தான் இருந்தது. மதீனாவாசியான பிறகும் 'ஃபார்ஸீ' என்ற அடையாளம் அவர் பெயரோடு கடைசிவரை நின்றது. அதை விட்டுவிடும்படி யாரும் கேட்கவில்லை.

நம் காலத்துக்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே நம்மவர்களும் வங்கதேசத்தவரும் ஒரே கட்டடத்தில் சாரம் கட்டுகிறார்கள். வங்காளப் பத்திரிகை ஆசிரியரான மோசின் என்பவர் 2011இல் லிட்டில் இந்தியா பகுதியில் 'திபாஷ்ரம்' என்ற இடத்தைத் திறந்தார்; வேலை முடிந்த தொழிலாளர்கள் அங்கே கூடிப் பாடினார்கள், எழுதியதை வாசித்தார்கள். 2013 டிசம்பரில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறக்க, அதே பகுதியில் கலவரம் வெடித்தது. வெளிநாட்டுத் தொழிலாளி என்றாலே சந்தேகமாகப் பார்க்கும் பார்வை கூடிய நேரம் அது. மறு ஆண்டே, 2014இல், புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியது. முதலில் வங்காளிகளுக்காக நடந்தது, பிறகு தமிழ் உட்பட மற்ற மொழிகளுக்கும் விரிந்தது. கட்டுமானத் தொழிலாளி மேடையேறித் தன் மொழியில் வாசித்தார். சிங்கப்பூர்க்காரர்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். போட்டி, பரிசு என்பதில் நமக்கு அவ்வளவு நாட்டமில்லை. யாருடைய துயரம் பெரிது என்று மதிப்பெண் போடுவது சங்கடமான காரியம். அந்த உட்கார்ந்து கேட்டது போதும்.

நம் மஜ்லிஸில் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சவூதி, துபாய், குவைத்தில் இருந்து திரும்பிய பெரியவர்கள் பலருக்கு இந்தி நன்றாக வரும். அங்கே கேம்ப் அறையில் கற்றது. அரபு நாட்டில் முதலாளிகள் தங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். 'ஹிந்தி' என்றார்கள். தமிழன், மலையாளி, பஞ்சாபி எல்லோருக்கும் ஒரே பெயர். ஆகவே அவர்கள் மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், தங்கள் கதையையும் சொல்ல வேண்டும். சிப்காட் வருவதற்கு முன் இங்கே ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த விவசாயிகளும் சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போனவர் ஒரு வகை. இருந்த இடத்திலேயே ஊர் மாறிப்போனவர் இன்னொரு வகை.

எல்லா வெளிமாநிலத்தவருக்கும் இந்தி தாய்மொழி என்று எண்ணிவிட வேண்டாம். ஒடியாவோ சந்தாலியோ பேசுகிறவர் முதலில் தன் மொழியில் முழுவதுமாகச் சொல்லட்டும். நமக்குப் புரியாவிட்டாலும் முகம் தெரியும். பிறகு மொழிபெயர்ப்பு. ஆளுக்குப் பத்து நிமிடம். கடன் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் நிக்காஹ் ஆகவில்லை என்ற கேள்விகள் கூடாது. கைப்பேசியில் படம் பிடிக்கக் கூடாது. காண்ட்ராக்டர் காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அது வீண் பயமும் அல்ல. கேட்டதை வெளியில் சொல்வதானால் சொன்னவரிடம் அனுமதி பெற வேண்டும். பெண்களுக்குத் தனி அமர்வு, பெண்களே நடத்துவது.

ஞாயிறு அஸருக்குப் பிறகு தொடங்கினால் பகல் ஷிப்ட் முடித்தவர்களும் வரலாம். மார்க்க வேறுபாடின்றி எல்லோருக்கும் தேநீரும் சுண்டலும் டிரஸ்ட் பொறுப்பு. இரவு ஷிப்ட் பேருந்து வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே முடித்துவிட வேண்டும். ஒருவர் பாதியில் எழுந்து ஓட நேர்ந்தால், அடுத்த வாரம் அவரிலிருந்தே தொடங்குவோம்.