அன்னமிட்ட அரசும் அடுப்பில்லாத அன்னையும்

அயர்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், மீத் மாவட்டத்தில், மோஸ்னி என்றோர் இடம் உண்டு. 1948-ஆம் ஆண்டில் அது ஒரு விடுமுறை முகாமாகத் திறக்கப்பட்டது. வரிசை வரிசையாகச் சிறு குடில்கள், பொது உணவுக்கூடம், விளையாட்டு அரங்குகள்! நகரத்து உழைப்பாளிக் குடும்பங்கள் அடுப்பு மூட்டும் கவலையின்றிச் சில நாட்கள் தங்கிக் களித்துத் திரும்புவதற்கென்றே அமைந்த இடம் அது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில், தாய்நாட்டில் உயிருக்கு அஞ்சி வெளியேறி அடைக்கலம் கோரி வந்த குடும்பங்கள் அதே முகாமில் குடியமர்த்தப்பட்டன. விடுமுறைக்கு வந்தவர்கள் சில நாட்களில் வீடு திரும்பினார்கள்; புகலிடம் தேடி வந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சில நாட்களுக்கு இன்பமாக இருக்கும் ஓர் ஏற்பாடு, ஆண்டுகள் நீளும்போது வேறொன்றாகிவிடுகிறது.

ஆறு மாதக் கணக்கு

அயர்லாந்து அரசு 2000 ஏப்ரலில் ‘நேரடி வழங்கல்’ என்னும் முறையை நடைமுறைப்படுத்தியது. புகலிடம் கோருபவரின் விண்ணப்பம் ஆராயப்படும் காலம்வரை அவருக்குப் பணத்திற்குப் பதிலாகத் தங்குமிடமும் மூன்று வேளை உணவும் நேரடியாக வழங்கப்படும். கைச்செலவுக்கு வாரந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்கும். ஆறு மாதங்களுக்குள் விசாரணை முடிந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. பழைய விடுதிகளிலும் ஓட்டல்களிலும், பெரும்பாலும் தனியார் ஒப்பந்ததாரர்கள் நடத்திய நிலையங்களில், ஒரே அறையில் முழுக் குடும்பமும் வாழ நேர்ந்தது. பெரியவருக்கு வாரம் 19.10 யூரோ, குழந்தைக்கு 9.60 யூரோ என்ற தொகை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய அசையாமல் நின்றது. வேலை செய்யவும் அனுமதி இருக்கவில்லை.

இதில் கொடுமை செய்யும் எண்ணம் இருந்ததாகக் கூறுவது நியாயமாகாது. அங்கே எவரும் பட்டினி கிடக்கவில்லை. மருத்துவ உதவி உண்டு. குழந்தைகள் அருகிலிருந்த பள்ளிகளுக்குச் சென்றார்கள். 1840-களின் பெரும் பஞ்சத்தில் அயர்லாந்து மக்களே கப்பலேறிப் பிற நாடுகளிடம் புகலிடம் கேட்டவர்கள். ஆகவே, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஓர் உதவி எங்கே தவறுகிறது என்று ஆராய்வதற்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு.

பசி தீர்த்தலும் ஊட்டலும்

பெரும்பாலான நிலையங்களில் குடும்பத்தினர் தாமே சமைக்க வழியிருக்கவில்லை. குறித்த நேரத்தில் உணவுக்கூடத்திற்குச் சென்று, வரிசையில் நின்று, கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு நள்ளிரவில் சிறிது கஞ்சி காய்ச்சுவதுகூட அங்கே இயலாத செயலாக இருந்தது. தாயோ தந்தையோ சமைப்பதை ஒருமுறையும் பார்த்திராத குழந்தைகள் அந்நிலையங்களில் வளர்ந்தார்கள் என்பது மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்ட முறையீடு.

பசியைத் தீர்ப்பது ஒன்று, ஊட்டுவது மற்றொன்று. முன்னதை எவரும் செய்யலாம். பின்னது ஓர் உறவு. தன் தாய் தனக்காக எதையோ ஆக்கித் தருகிறாள் என்பதிலிருந்துதான், உலகம் தன்னைக் காக்கும் என்னும் நம்பிக்கை குழந்தைக்குப் பிறக்கிறது. தாளிக்கும் மணத்தோடு தாய்மொழியும், பாட்டியின் ஊரும், பண்டிகை நாட்களும் அதன் நினைவில் படிகின்றன. தாயும் தன்னைப் போலவே தட்டேந்தி வரிசையில் நிற்பவள் என்று கண்டு வளரும் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? தேவை ஏற்பட்டால் தாயிடம் கேட்டுப் பயனில்லை, அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதையே கற்றுக்கொள்ளும்.

இதே தலைகீழ் மாற்றம் மொழியிலும் நிகழ்கிறது. பள்ளி செல்லும் குழந்தை புதிய மொழியை விரைவில் பேசிவிடுகிறது. பெற்றோருக்கு அது எளிதில் வசப்படுவதில்லை. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் பத்து வயதுச் சிறுவன் மொழிபெயர்ப்பாளனாகிறான். அவனுடைய திறமையைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால், தன் தாய்க்கு நேர்ந்த துன்பத்தை அவன் தன் வாயாலேயே மற்றொரு மொழியில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைப் பாராட்டுபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் வயது வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துவது சிறுவனுக்குச் செய்யும் பெரிய உதவி.

திருத்தங்கள்

ஓய்வுபெற்ற நீதிபதி பிரயன் மக்மஹோன் தலைமையிலான குழு 2015 ஜூனில் 173 பரிந்துரைகளை அளித்தது. குடும்பங்களுக்குத் தனி வாழ்விடமும் சமையல் வசதியும் வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். எட்டு ஆண்டுகள் காத்திருந்த மியான்மர் நாட்டவர் ஒருவரின் வழக்கில், புகலிடம் கோருவோர் காலவரையறையின்றி வேலை தேடவே கூடாது என்னும் முழுத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பை மனித மாண்போடு இணைத்து நோக்கிய தீர்ப்பு அது. மறு ஆண்டே வேலைக்கு வழி திறந்தது. படிப்படியாகச் சில நிலையங்களில் சமையலறைகளும் மளிகைக் கடைகளும் வந்தன. காய்கறியைத் தாமே தேர்ந்தெடுத்து வாங்கலாம். ஆனால் பணத்திற்குப் பதிலாகப் புள்ளிகள் ஏற்றிய அட்டைதான். அரைக் கதவு திறந்ததுபோல் என்றாலும், திறந்தது உண்மையே.

இம்முறையை 2024 இறுதிக்குள் அறவே நீக்குவதாக அரசு 2021-இல் அறிவித்தது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டு, வருவோர் தொகை பெருகியதால், அது நிறைவேறவில்லை.

உதவச் செல்பவர்கள்

அரசின் தவறையே தனிமனிதரும் சிறிய அளவில் செய்துவிடக்கூடும். கிறிஸ்துமஸ் நாளில் பொம்மைகளோடு வரும் அன்பர், பெற்றோர் பார்த்து நிற்க, தம் கையாலேயே குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கிறார். குழந்தை அந்நியருக்கு நன்றி கூறுகிறது, தந்தை தலைகுனிகிறார். அதே பொம்மைகளை முன்னாளே ஓர் அறையில் பரப்பிவைத்து, தம் குழந்தைக்கு உகந்ததைப் பெற்றோரே தேர்ந்தெடுத்து, தாள் சுற்றி, தாமே கொடுக்குமாறு விட்டால் என்ன குறைந்துவிடும்? கொடுத்தவரின் புகைப்படம் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

பாடம் கற்பிக்க வருவோரும் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இக்குழந்தைகள் வீட்டையும் தோழர்களையும் ஏற்கெனவே இழந்தவர்கள்; ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குக் குறுகிய அறிவிப்பில் மாற்றப்பட்டும் இருக்கலாம். இரண்டு வாரம் ஆர்வத்தோடு வந்து மறைந்துவிடுபவர் அந்த இழப்பின் பட்டியலில் இன்னொருவராகச் சேர்கிறார். வியாழன்தோறும் ஒரு மணி நேரம், தவறாமல், அதே மேசையில் அமர்பவர் போதும். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேட்க வேண்டியதில்லை. குழந்தை பேச விரும்பும் நாளில் தானே பேசும். எழுதி முடித்த பாடத்தை முதலில் தாயிடம் காட்டிவரச் சொல்லலாம். அவளுக்கு அம்மொழி தெரியாவிட்டாலும் காட்டட்டும்.

டப்ளின் நகரில், இந்நிலையங்களில் வாழ்ந்த மலாவி நாட்டுப் பெண்மணி ஒருவர், அயர்லாந்துத் தோழி ஒருவரோடு சேர்ந்து ‘அவர் டேபிள்’ என்ற உணவகத்தைத் தொடங்கினார். நமது மேசை என்பது அதன் பொருள். அங்கே சமைத்துப் பரிமாறியவர்கள் புகலிடம் கோரி வந்தவர்கள். அமர்ந்து உண்டவர்கள் டப்ளின் நகரத்தார்.