நேரசூசி மாறினால் பதற வேண்டாம்

புல்மோட்டையிலிருந்து கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்துக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு:

• பழைய நேரசூசியை அழிக்காதீர்கள். புதியதோடு ஒப்பிட்டு, மாறிய வகுப்புகளை வட்டமிடுங்கள்.

• இடம் மாற்றக் கடினமான ஆய்வுகூடச் செய்முறைகளை முதலில் குறியுங்கள்.

• இரண்டு வகுப்புகள் மோதினால், அன்றே வகுப்புப் பிரதிநிதி வழியாகத் துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். பாடக் குறியீடு, கிழமை, நேரம், பாதிக்கப்படும் மாணவர் தொகை, எல்லாருக்கும் பொருந்தும் மாற்று நேரம் ஆகியவை அதில் இருக்கட்டும்.

• மாற்று நேரம் கேட்கும்போது வெள்ளி ஜும்ஆவையும் ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸையும் மறக்காதீர்கள்.

• வரவைக் கணக்கிடுங்கள்: 45 மணித்தியாலப் பாடத்துக்கு 80 வீத வரவு தேவையெனில் 36 மணித்தியாலம் இருந்தாக வேண்டும். தவறவிடக்கூடியது 9 மட்டுமே. அதை நோய்நொடிக்கென்று சேமித்து வையுங்கள்.