பிச்சாவரம் பக்கத்தில்தான் இருக்கிறது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அண்ணாமலை நகரில் விடுதி அறை கிடைத்துவிட்டது என்று உன் அப்பா சொன்னான். எம்.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்ததற்கு உறவில் சிலர் இன்னும் முகம் சுளிக்கிறார்களாம். நெட், செட் தேர்வுகள் இருக்கின்றன, வனப்பணித் தேர்வு இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு செடியைக் கையில் வாங்கி, பூவைப் பிரித்துப் பார்த்து, உறுதியாகப் பெயர் சொல்லக்கூடியவர்கள் கல்லூரிகளிலேயே அருகிவிட்டார்கள். அந்தத் திறமை உனக்கு வந்துவிட்டால் உன்னைத் தேடி வருவார்கள். இத்தனை ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையில் இதை நம்பிச் சொல்கிறேன்.

உன் பாடத்திட்டத்தில் தாவர வகைப்பாடு ஒரு தாள், பரிணாமம் ஒரு தாள், சூழலியல் ஒரு தாள் என்று இருக்கும். மூன்று ஆசிரியர்கள், மூன்று நோட்டு, மூன்று தேர்வு. நீயும் மூன்றாகவே படித்து முடித்துவிடுவாயோ என்பதுதான் என் கவலை. அப்படி ஆகாமல் இருக்க ஒரே வழி, இரண்டு ஆண்டும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. உனக்கு அந்த இடம் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் அலையாத்திக்காட்டைச் சொல்கிறேன்.

படகில் ஒரு சுற்று போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அது எல்லாம் ஒரே பச்சை. நீ முதலில் நான்கு மரம், செடிகளை மட்டும் பிரித்தறியக் கற்றுக்கொள். வளைந்த முட்டுவேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நீட்டியிருப்பது வெண்கண்டல். கிள்ளினால் பால் வடிவது தில்லை. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு, கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதே. கரையோரத்தில் சதைப்பற்றான சிறு இலைகளோடு படர்ந்திருப்பது உமரி.

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு குடும்பங்கள். தில்லை ஆமணக்குக் குடும்பம். உமரி கீரைகளின் உறவு. வெண்கண்டலைப் பெந்தம்–ஹூக்கர் முறையில் தேக்கோடு சேர்த்து வெர்பனேசியில் வைத்திருந்தார்கள். இப்போது அது அகாந்தேசியில் இருக்கிறது. அதாவது நம் வீட்டு வாசலில் பூக்கும் கனகாம்பரத்துக்கும், இருமலுக்குக் கஷாயம் போடும் ஆடாதோடைக்கும் அது சொந்தம்! தேக்கும் இடம் மாறித் துளசியின் குடும்பத்துக்குப் போய்விட்டது. எருக்குக்கென்று தனியாக இருந்த குடும்பம் அரளியின் குடும்பத்துக்குள் அடங்கிவிட்டது.

பெந்தமும் ஹூக்கரும் தங்கள் நூலை 1862-இலிருந்து 1883 வரை வெளியிட்டார்கள். டார்வினின் நூல் 1859-லேயே வந்துவிட்டாலும், அவர்களுடைய வகைப்பாடு பரிணாம வழியில் அமைந்ததல்ல. கண்ணுக்குத் தெரிகிற ஒற்றுமைகளை வைத்து, வசதியாகத் தேடி எடுக்கும்படி அடுக்கியது அது. நம் பல்கலைக்கழகங்கள் அதை இன்றும் கற்பிப்பதற்குக் காரணம் உண்டு: பெரிய ஹெர்பேரியங்களில் உலர்செடித் தாள்கள் அந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அந்த வரிசையில் எழுதப்பட்டது. 1998-இல் தொடங்கி, 2016 வரை நான்கு முறை வெளிவந்த ஏ.பி.ஜி. வகைப்பாடு டி.என்.ஏ. காட்டும் உறவை வைத்து எழுந்தது. எது சரி, எதைப் படிக்கட்டும் என்று கேட்பாய். இரண்டையும் படி. பழையது கையில் உள்ள செடியின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும். புதியது அந்தச் செடி எந்த வழியாக வந்தது என்று சொல்லும்.

இப்போது உப்புக்கு வா. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது; வெயில் நாளில் இலையில் உப்புத்துகள் படிந்திருப்பதைக் கைலென்ஸ் வைத்துப் பார். சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. உமரி தன் இலையில் நீரைத் தேக்கி உப்பைச் சமாளிக்கிறது. ஒரே இடர்ப்பாடு, தொடர்பில்லாத குடும்பங்கள், வெவ்வேறு விடைகள். ‘தகவமைப்பு’ என்று தேர்வில் ஒரு சொல்லாக எழுதிவிட்டு வருகிறோமே, அதைச் சேற்றில் நின்று பார்த்தால்தான் வகைப்பாடும் பரிணாமமும் சூழலியலும் ஒரே செடியின் ஒரே இலையில் இருப்பது தெரியும். அங்கேயே ஒரு சுரபுன்னைக்கு உன் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்: ரைசோஃபோரா அண்ணாமலயானா. 1995-இல் புதிய இனம் என்று விவரித்தார்கள். பிறகு அது இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பு என்று தெரிந்தது. இனம் என்றால் என்ன என்ற கேள்வியை வகுப்பில் கேட்கும்போது இந்த மரத்தை மனத்தில் வைத்துக்கொள்.

காட்டின் வரலாற்றையும் படி. முன்பு இங்கே பகுதி பகுதியாகப் பிரித்து மரங்களை முழுக்க வெட்டி எடுத்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து தரை தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த ஓதநீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி ஆவியானது. உப்பு ஏறிக்கொண்டே போய், புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். அதன் பிறகு நட்ட கன்றுகள் நின்றன. கன்று நடுவதற்கு முன்னால் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்ததுதான் அங்கே வேலை செய்தது. மரம் நடும் விழாக்களுக்கு உன்னை அழைப்பார்கள். போ, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதே.

புள்ளியியல் வகுப்பைத் தட்டிக்கழிக்காதே. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையின் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, அலையாத்தி உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, ஊரின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தூரத்தையும் கணக்கில் சேர்த்தால் காட்டின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்று மறுத்தார்கள். இரண்டு கட்டுரைகளையும் நூலகத்தில் எடுத்துப் படி. அலையாத்தியை நேசிப்பவள் நான். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஒரு சான்றை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் மட்டும் உனக்கு வரவே கூடாது.

மாதிரி சேகரிக்கும் முன் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்; அது காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலமும்கூட. அழுத்திய செடி காய்ந்ததும் பூவின் நிறம் போய்விடும், ஆகவே நிறம், மணம், வாழிடம், தேதி எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுது. அறைக்குப் போய் எழுதலாம் என்று விட்ட குறிப்பு எழுதாத குறிப்புதான். டி.என்.ஏ. ஆய்வு செய்யப்போனாலும் ஹெர்பேரியத்தில் அந்தச் செடியின் தாள் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் டி.என்.ஏ. எந்தச் செடியினுடையது என்று நாளைக்கு யாராலும் சரிபார்க்க முடியாது. விடுமுறையில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்குப் போய், அருட்தந்தை மேத்யூ தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்த விதத்தைத் தாள் தாளாகப் பார்த்துவிட்டு வா.

இன்னொன்று. அந்தக் கால்வாய்களில் இறங்கிக் கையால் தடவி இறாலும் மீனும் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் உண்டு. எந்தச் சேறு எப்போது இறுகும், எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுது, யார் சொன்னார் என்பதையும் எழுது. அவர்களுடைய அறிவை வாங்கிக்கொண்டு கட்டுரையில் ‘உள்ளூர்வாசிகள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதே.

பொங்கலுக்கு வரும்போது களக்குறிப்பு நோட்டைக் கொண்டு வா. சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து முழுக்கப் படிப்போம்.

அன்புடன்,
அத்தை