மூவண்ணப் பூனை உணர்த்தும் மரபியல்

நுழையும்முன்

உயிரிகளின் நிறம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. உடலின் நுண்செயல்களை வெளிக்காட்டும் சான்றுமாகும். பூனையின் உடலில் திட்டுத்திட்டாக அமைந்த வண்ணங்களைக்கொண்டு அறிவியல் கண்டறிந்த மரபியல் உண்மையொன்றை இப்பாடம் விளக்குகிறது.

1956ஆம் ஆண்டு நவம்பரில் 'சோயா' என்னும் கப்பல் டோக்கியோவிலிருந்து அண்டார்க்டிகாவை நோக்கிப் புறப்பட்டது. ஆய்வுக்குழுவினருடன் ஒரு பூனையும் அதில் பயணம் செய்தது. வெள்ளை, கருப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் கொண்ட ஆண்பூனை அது. அத்தகைய ஆண்பூனை கப்பலைத் தீங்கிலிருந்து காக்கும் என்பது ஜப்பானிய மாலுமிகளின் நெடுநாள் நம்பிக்கை. மூவண்ணப் பூனைகள் அங்கு அரியன அல்ல. ஆனால் அவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் பெண்பூனைகளே. அதனால்தான் ஆணுக்கு அத்தனை மதிப்பு. நிறத்திற்கும் பாலினத்திற்கும் உள்ள தொடர்பு யாது?

நிறமும் குரோமோசோமும்

பூனையின் உடற்செல் ஒவ்வொன்றிலும் 19 இணைகளாக 38 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை பாலினத்தை முடிவுசெய்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு. செம்மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆண்பூனையிடம் எக்ஸ் ஒன்றே இருப்பதால், கருப்பு, செம்மஞ்சள் ஆகிய இரண்டில் ஒன்றையே அது பெற இயலும். பெண்பூனையோ ஓர் எக்ஸில் ஒரு நிறத்தையும் மற்றோர் எக்ஸில் மற்றொரு நிறத்தையும் பெறக்கூடும். வெண்மைக்குரிய மரபணு பால் குரோமோசோமில் இல்லை. கருவளர்ச்சியின்போது நிறமிச்செல்கள் சென்று சேராத இடங்களே வெண்மையாகத் தோன்றுகின்றன.

முடங்கும் குரோமோசோம்

இரு நிறங்களும் கலந்துவிடாமல் தனித்தனித் திட்டுகளாக அமைவது ஏன்? 1949இல் கனடாவில் முர்ரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பெண்பூனையின் நரம்புச்செல்களில் கருமையான சிறு திரள் ஒன்றைக் கண்டனர். ஆண்பூனையின் செல்களில் அது காணப்படவில்லை. அதுவே பின்னர் 'பார் உறுப்பு' எனப்பட்டது. 1961இல் இங்கிலாந்து அறிவியலாளர் மேரி லயன், எலிகளின் மயிர்நிறத்தை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். பெண் கருவின் தொடக்க நிலையிலேயே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை முடக்கிவிடுகிறது. எது முடங்கும் என்பதற்கு நியதியில்லை. ஆயினும் அச்செல்லிலிருந்து தோன்றும் செல்கள் அனைத்திலும் அதே எக்ஸ்தான் முடங்கியிருக்கும் என்பதே அக்கருத்து. கருப்புக்குரிய எக்ஸ் முடங்கிய செல்வழி செம்மஞ்சள் திட்டும், மற்றது முடங்கிய செல்வழி கருப்புத் திட்டும் தோன்றுகின்றன.

ஆணிலும் மூவண்ணம் அரிதாகத் தோன்றுவதற்கு, பெரும்பாலும், ஓர் எக்ஸ் கூடுதலாக அமைந்துவிடுவதே காரணம். அத்தகைய பூனைகள் பொதுவாக மலட்டுத்தன்மை உடையவை.

நகலும் வேறுபாடும்

2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், 'ரெயின்போ' என்னும் மூவண்ணப் பூனையின் ஒரே செல்லிலிருந்து 'சிசி' என்னும் நகல்பூனை பிறந்தது. ஆனால் சிசியின் உடலில் செம்மஞ்சள் நிறமே இல்லை. அந்த ஒரு செல்லில் செம்மஞ்சளுக்குரிய எக்ஸ் முடங்கிய நிலையிலேயே நீடித்தது. இறந்த செல்லப்பிராணியை நகலாக்கத்தால் அப்படியே மீட்கலாம் என எண்ணியோர்க்குச் சிசி தெளிவான விடையளித்தது. மரபணுக்கள் ஒன்றாயினும் உடல்கள் ஒன்றாவதில்லை.

இவ்வுண்மை மனிதர்க்கும் பொருந்தும். பெண்ணின் உடலில் சில செல்களில் தந்தைவழி எக்ஸும் மற்றவற்றில் தாய்வழி எக்ஸும் செயல்படுகின்றன. இரத்தம் உறையாமைக்குக் காரணமான மரபணுவை ஓர் எக்ஸில் உடைய பெண்கள் பலர் கடும் நோய்க்கு ஆளாகாதிருப்பது மற்றோர் எக்ஸ் செயல்படும் செல்களால்தான். முடக்கம் ஒருபக்கமாக மிகுந்துவிட்டால் அவர்களுக்கும் குருதிப்போக்கு நேரக்கூடும். எனவே, நோய்க்கூற்றைச் சுமப்பவர் என்பதனாலேயே அவருக்கு ஆபத்தில்லை எனக் கருதிவிடலாகாது. மாலுமிகள் நற்பேறாகக் கண்ட வண்ணத்தில், மருத்துவத்திற்கு வேண்டிய அறிவும் அடங்கியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

செம்மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபணு மாற்றத்தை ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவும் தனித்தனியே கண்டறிந்து 2025இல் வெளியிட்டன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் காணும் பூனைகளின் நிறங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவை பெண்பூனைகளாக இருக்கக்கூடும் எனக் காரணத்துடன் எழுதுக.
2. 'மரபணு ஒன்றாயினும் உடல் ஒன்றாகாது' – வகுப்பில் கலந்துரையாடுக.