தாழியின் வாய்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய யாம், ஏட்டிற் பயின்ற பொருளை அது கிடந்த நிலத்திலேயே காணவேண்டும் என்னும் விருப்பால், ஆசிரியர் ஒருவர் துணையுடன் திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் பெருவழியே மோட்டார் வண்டியிற் புறப்பட்டோம். அவ்வழியில், ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தொலைவில், பொருநையாற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உளது. அதனை முன்னரே பன்முறை கடந்து சென்றவர் எம்முட் பலர். செம்மண் மேட்டையும் முட்செடிகளையுமே கண்டு, பிறிதொன்றும் கருதாது போயினோம். 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேடு முழுதும் பண்டையோர் இடுகாடு என்பதை அந்நாளில் யாரும் எமக்குச் சொல்லிற்றிலர்.

எம்மை அங்கு ஈர்த்தது புறநானூற்றின் 256 ஆம் பாட்டு. வழியிடையே கணவனை இழந்தாள் ஒருத்தி குயவனை வேண்டுகின்றாள். வண்டிச் சக்கரத்து ஆர்க்காலைப் பற்றிய சிறு பல்லி அது செல்லும் இடமெல்லாம் உடன் செல்லுமாறுபோல, அவனோடு பல சுரம் கடந்து வந்தவள் அவள். அவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் உளதாம்படி அகலமாக வனைந்து தருக என்பதே அவள் வேண்டுகோள். வகுப்பில் யாம் இதனைத் துயரத்தின் மிகுதி என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். தாழி என்பதற்குப் 'பெரிய பானை' என்று பொருள் எழுதியதோடு எம் ஆராய்ச்சி முடிந்தது.

ஆதிச்சநல்லூரின் வரலாறு சுருக்கமாக வருமாறு. 1876 இல் பெர்லின் நகரத்து யாகோர் என்பார் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதற் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்தார். பொன்னாலாய நெற்றிப் பட்டங்கள், எருமையும் பறவையும் அமைந்த வெண்கலக் கலங்கள், இரும்பு வாள், வேல் முதலியன வெளிப்பட்டுச் சென்னைப் பொருட்காட்சிச் சாலையை அடைந்தன. அவர் குறித்தவற்றுள் ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாதது. இரும்புக் கருவிகள் யாவும் கூர்முனை கீழ்நோக்கியே நின்றனவாம்; இரங்கி நின்ற சுற்றத்தார் அவற்றை மண்ணிற் குத்திச் சென்றனர் போலும் என்பது அவர் கருத்து. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2004 இல் நடுவணரசின் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். அவ்வகழ்விற் கிடைத்த கரிப்பொருள்களின் காலம் கி.மு. 905 எனவும் கி.மு. 696 எனவும் கணிக்கப்பட்டமை 2019 இல் வெளியாயிற்று.

2023 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற சிறு பொருட்காட்சிச் சாலை அகழ்ந்த குழியின் மீதே அமைந்துள்ளது. தாழிகளை எடுத்து அடுக்காது, கிடந்தபடியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் இட்டிருக்கின்றனர். அதன்மேல் நின்று குனிந்து நோக்கினால், காலடியிலே செந்நிறத் தாழிகள் வாய் திறந்து நிற்கின்றன. எம் தோழர் ஒருவர் கண்ணாடியில் அடி வைக்க உடன்படாது ஓரத்திலேயே நின்றார். பின்னர்ப் பாதரட்சையைக் கழற்றிவிட்டு வந்தார். கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று மலரிட்டுப் பழகிய எம்மவர்க்கு இறந்தோர் தலைமேல் நிற்றல் எளிதாக இல்லை. அவரைக் கண்டு மற்றையோரும் கழற்றினோம். மேற்பார்ப்போர் யாதும் சொல்லிலர்.

மேலிருந்து நோக்கியபோதுதான் பாட்டின் பொருள் விளங்கிற்று. யாம் கருதியிருந்ததினும் தாழி பெரிது. ஆயினும் ஓர் உடலுக்கு மேல் அதிற் செல்லாது. அவ்வோர் உடலும் முழந்தாள் மடித்துக் குந்தியவாறே அமைதல் வேண்டும். ஆதலின் 'அகலமாக வனைக' என்பது வெறும் புலம்பல் அன்று. குயவன் தொழிலறிந்து, அளவறிந்து கேட்டது. குயவனும் அச்சொற் கேட்டுத் தன் சக்கரத்தையே நோக்கியிருப்பான். மிக முதிர்ந்தோர் உடல் சுருங்கிக் குழவிபோல் ஆயினர் என்றும், அவரைத் தாழியில் இட்டனர் என்றும் எம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் கதையும் இவ்விடமின்மையைக் கண்டே எழுந்தது போலும் என ஆசிரியர் கூறினார். அதற்குச் சான்று யாது என்று வினவினோம், அவர் நகைத்தார்.

வண்டியில் ஏறியபின் வாதம் மூண்டது. பெர்லினுக்குச் சென்றவையும் சென்னையில் உள்ளவையும் இங்கே மீளவேண்டுமா? பாதுகாப்பே பெரிது என்றனர் ஒரு சாரார். பேழைக்குள் பெயர்ச்சீட்டுடன் கிடக்கும் வாள், எவர் துயரால் எம்மண்ணிற் குத்தப்பட்டது என்பதை எங்ஙனம் சொல்லும் என்றனர் மறு சாரார். யாம் காலையிற் கேட்கப்பட்டிருந்தால் முன்னவர் பக்கமே நின்றிருப்போம். கண்ணாடித் தளத்தில் நின்றபின் அங்ஙனம் கூற இயலவில்லை. பொன் சென்னையிலேயே காவலில் இருக்கட்டும். இரும்பிற் சிலவேனும் முனை கீழ்நோக்கித் தம் தாழியருகே மீண்டு நிற்றல் தகும்.

கொற்கையிற் கடலைத் தேடி ஏமாந்தோம். ஆறு கொணர்ந்த வண்டலால் பாண்டியர் துறைமுகத்தைவிட்டுக் கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. இப்பொழுது அங்கே வயலும் குளமும் காண்கின்றன. நெடுநேரம் நில்லாது தெற்கே இடையன்குடிக்கு விரைந்தோம். 1838 இல் சென்னை வந்திறங்கி, பின்னர்க் கால்நடையாகவே தென்னாடு போந்து, 1841 முதல் அங்கே வாழ்ந்த கால்டுவெல் ஐயர் இல்லம் 2011 முதல் நினைவில்லமாக விளங்குகின்றது. 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அவர், கொற்கையில் மண்ணை அகழ்ந்து பார்த்தவரும் ஆவர். சொல்லை ஆராய்ந்தவர் மண்வெட்டியையும் நாடியது ஏன் என்பது அன்று காலை எமக்குத் தெரியாது.

அவர் கட்டிய ஆலயத்தில் மாலை மணி ஒலித்தது. உள்ளே அவர் கல்லறைமுன் சிறிது நின்றோம். ஆர்க்காலிற் பல்லி இருக்கின்றதா என்று வண்டிச் சக்கரத்தைக் குனிந்து நோக்கிய தோழரைச் சாரதி ஐயுற்று, "காற்று இறங்கிவிட்டதா, தம்பி?" என்று வினவினார்.